பாட்காஸ்ட்டில் குரல் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முதல் எபிசோடை ரெக்கார்ட் செய்து கேட்டதும் ஏதோ சரியில்லை என்று தோன்றும். உடனே பலரும் எஃபெக்ட் மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இரைச்சலுக்கு ஒன்று, குரல் கனமாக ஒன்று, சத்தம் கூட ஒன்று. நாலாவது எஃபெக்ட் விழும்போது முதலில் இருந்த குறை எது, நாமே சேர்த்த குறை எது என்று பிரிக்க முடியாமல் போய்விடுகிறது.

குரல் வாயிலிருந்து கிளம்பிக் கேட்பவர் காதை எட்டும்வரை அறை, மைக், கணினியின் அமைப்பு, ரெக்கார்டிங் அளவு, எடிட்டிங், ஏற்றுமதி என்று பல கட்டங்களைத் தாண்டுகிறது. குறை எந்தக் கட்டத்தில் நுழைந்ததோ அங்கேயே சரிசெய்தால் சில நிமிட வேலை. அடுத்த கட்டத்துக்குத் தள்ளினால் வேலை பல மடங்காகும்; அப்போதும் முழுதாகச் சரியாகாது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லி, அப்புறம் தீர்வுக்குப் போகிறேன்.

மென்பொருளாக ஆடாசிட்டியை எடுத்துக்கொள்கிறேன். 2000இல் முதன்முதலாக வெளியானது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மெனு பெயர்கள் 3.2க்குப் பிந்தைய பதிப்புகளை ஒட்டியவை. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கும், காரணங்கள் இவையேதான்.

எந்தக் குறையானாலும் முதல் சோதனை

ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, எந்த எஃபெக்டும் படாத மூலப் பதிவைக் கேளுங்கள். அதிலேயே குறை இருந்தால் காரணம் அறை, மைக், கணினி அமைப்பு ஆகியவற்றில் ஒன்று. மூலம் சுத்தமாக இருந்து, எடிட் செய்த பிறகு குறை தெரிந்தால், போட்ட எஃபெக்டோ வெட்டோதான் காரணம். மென்பொருளுக்குள் நன்றாக ஒலித்து, எம்பி3 ஆக்கிய பிறகு மட்டும் கெட்டிருந்தால் ஏற்றுமதியைப் பாருங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் இந்தச் சோதனை வேண்டாம். தாழ்ந்த உறுமலும் சன்னமான இரைச்சலும் அதில் காதில் விழாது.

இதற்கு மூலப் பதிவு கையில் இருக்க வேண்டும். பேசி முடித்ததும், ஒரு வெட்டுகூடப் போடாமல், வேவ் கோப்பாக ஒரு பிரதி ஏற்றுமதி செய்து தனியாக வைத்துவிடுங்கள். மோனோ (ஒற்றைத் தடம்), 44100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பிதான் ஆகும்.

ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி வருகிறது

செய்தியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். −9999 என்றால் பெரும்பாலும் மைக்கைப் பயன்படுத்த இயங்குதளம் அனுமதி தரவில்லை. விண்டோஸில் தனியுரிமை அமைப்புகளில் மைக்ரோஃபோன் பகுதிக்குப் போய், டெஸ்க்டாப் செயலிகளுக்கான அனுமதியைத் தனியாகத் திறக்க வேண்டும். மேலே பொதுவான அனுமதி இருந்தும் கீழே இது மூடியிருக்கலாம். மேக்கிலும் தனியுரிமைப் பகுதியில் மைக்ரோஃபோன் பட்டியலில் ஆடாசிட்டிக்கு எதிரே அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

−9997 என்றால் சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண், பொருந்தவில்லை. ப்ராஜெக்ட்டில் 44100 என்றும், கணினியின் ஒலி அமைப்பில் மைக்குக்கு 48000 என்றும் இருந்தால் இப்படி வரும். இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். −9996 என்றால் தேர்ந்தெடுத்த கருவியையே காணவில்லை. மென்பொருளைத் திறந்த பிறகு மைக்கைச் செருகியிருப்பீர்கள். மேலே ஆடியோ செட்டப் பொத்தானை அழுத்தி, கருவிகளை மறுபடி தேடச் சொல்லும் ரீஸ்கேன் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு ஓடுகிறது, கோடு மட்டும் நேராகவே போகிறது

மைக்கின் மேல் ஊமைப் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹெட்செட் வயரில் இருக்கும் சின்னப் பொத்தான் கைபட்டு அழுந்திவிடுவது சகஜம். அது சரியாக இருந்தால், ஆடியோ செட்டப்பில் ரெக்கார்டிங் டிவைஸ் எது என்று பாருங்கள். எக்ஸ்எல்ஆர் வயரில் கண்டென்சர் மைக் வைத்திருந்தால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். அந்த மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் 48V என்று குறித்த பொத்தானை அழுத்தாவிட்டால் மைக் மௌனமாகவே இருக்கும்.

என் குரல் இல்லை, கணினியில் ஓடிய பாட்டு பதிவாகியிருக்கிறது

ரெக்கார்டிங் டிவைஸ் பட்டியலில் லூப்பேக் என்றோ ஸ்டீரியோ மிக்ஸ் என்றோ முடியும் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அவை கணினியிலிருந்து வெளியே போகும் ஒலியைப் பிடிப்பவை. மைக்கின் பெயருக்கு மாற்றுங்கள்.

இதற்கு உறவுக்காரக் குறை ஒன்று உண்டு. குரல் பதிவாகிறது, ஆனால் தூரத்தில் கேட்கிறது. யூஎஸ்பி மைக் வாய்க்கு நேரே இருந்தும் லேப்டாப்பின் உள்மைக்தான் வேலை செய்துகொண்டிருக்கும். பதிவை ஓடவிட்டு, மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். கோடு துள்ளினால் சரியான மைக். லேப்டாப்பைத் தட்டும்போது துள்ளினால் தவறான மைக்.

சரியான மைக்தான், ஆனாலும் தூரமாகக் கேட்கிறது என்றால் மைக்கின் எந்தப் பக்கம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். நின்றாற்போல் மேசையில் வைக்கும் யூஎஸ்பி மைக்குகளில் பல, பக்கவாட்டில் பேச வேண்டியவை. உச்சியில் பேசினால் குரல் மெலிந்துதான் வரும். பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் இருக்கும் பக்கமே பேசும் பக்கம்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

ஒற்றை மைக்கை ஸ்டீரியோவாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் குரல், மறு பக்கம் காலி. ட்ராக் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மெனுவில் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்து, காலிப் பாதியை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை ரெக்கார்டிங் சேனலை 1 என்று வைத்தால் இந்தத் தொல்லை வராது. ஒருவர் பேசும் பாட்காஸ்ட்டுக்கு ஸ்டீரியோ பதிவு தேவையே இல்லை.

ஃபோனில் பேசுவது போலக் குரல் சப்பையாக இருக்கிறது

ப்ளூடூத் ஹெட்செட்தான் காரணம். அதன் மைக்கை இயக்கியதும் பல கணினிகளில் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறி, குரல் 8000 அல்லது 16000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டுக்குச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய பதிவில் மேல் அலைவரிசைகளே இருக்காது. எந்த எஃபெக்டும் இல்லாததை உண்டாக்கித் தராது. வயர் உள்ள சாதாரண ஹெட்செட்கூட இதைவிட நன்றாகப் பதியும். ப்ளூடூத்தில் கேட்டே ஆக வேண்டும் என்றால், மைக்காக வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உரக்கப் பேசும் இடங்களில் குரல் கரகரவென்று உடைகிறது

வியூ மெனுவில் ஷோ கிளிப்பிங்கை இயக்குங்கள். சிவப்புக் கோடுகள் தெரியும் இடங்களில் அலையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. மைக்கின் மின் அலையை எண்களாக மாற்றும் சில்லு தன் எல்லையைத் தொட்டதும் அதற்கு மேல் உள்ளதை விட்டுவிடுகிறது. மென்பொருளில் 32 பிட் என்று இருப்பதால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வெட்டு மென்பொருளை எட்டும் முன்பே நடந்து முடிந்துவிட்டது.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கிளிப் ஃபிக்ஸ் எஃபெக்ட் ஓரளவு உதவும். முழுப் பதிவும் சிவப்பாக இருந்தால் மறுபடி பேசுவதே நல்லது. அந்த முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடி பேசும்போது, உங்கள் மிக உரத்த குரலில், அதாவது சிரிக்கும் அளவில், பத்து நொடி சோதனை செய்யுங்கள். மீட்டரில் உச்சம் −12க்கும் −6 டெசிபலுக்கும் நடுவே நிற்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் அலை பெரிதாகத் தெரிந்தால்தான் நல்ல பதிவு என்று நினைத்து அளவை ஏற்றிவிடுகிறார்கள். அலை திரையில் பாதி உயரம் இருந்தாலே தாராளம். சத்தத்தைப் பிறகு கூட்டலாம். உடைந்ததை ஒட்ட முடியாது.

குரல் சன்னம், கூட்டினால் இரைச்சலும் கூடுகிறது

இது மைக்கின் தரத்தைவிடத் தூரத்தின் பிரச்சினை. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், திறந்த வெளியில் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். அதாவது செலவே இல்லாமல் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி பெருகுகிறது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி நல்ல தொடக்கம். உணர்திறன் குறைந்த டைனமிக் மைக் என்றால் நாலு விரல் தூரம்வரை நெருங்கலாம். புதிய மைக் வாங்கும் யோசனை வந்தால், அதற்கு முன் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள்.

பின்னணியில் உஸ்ஸென்று அல்லது உம்மென்று ஒலிக்கிறது

இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

உம்மென்ற தாழ்ந்த ரீங்காரம் மின்சாரத்திலிருந்து வருகிறது. நாட்டின் மின் அமைப்பைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளும் கூடவே வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டுப் பத்து நொடி பதிவு செய்து பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால் காரணம் அதுதான். பதிவு முடியும்வரை பேட்டரியிலேயே இருங்கள். போகவில்லையென்றால் மைக் வயரை மின் வயர்களிடமிருந்து விலக்குங்கள், யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் செருகுங்கள். ஏற்கெனவே பதிவாகிவிட்டதற்கு, கொடுத்த எண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். அந்தப் பெட்டி திறக்கும்போது காட்டும் எண்ணை அப்படியே விடாதீர்கள். 1000 போன்ற பெரிய எண் இருந்தால் குரலின் உடலே போய்விடும். 100, 150 என்று மேலே இருக்கும் மடங்குகள் இன்னும் கேட்டால் ஒவ்வொன்றுக்கும், அந்த ஓர் அலைவரிசையை மட்டும் குறைக்கும் நாட்ச் ஃபில்டர் போடலாம்.

உஸ்ஸென்ற சத்தம் மின்விசிறி, ஏசி, கணினியின் உள்விசிறி, அல்லது அளவுக்கு மேல் ஏற்றிய கெய்ன் (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு) ஆகியவற்றிலிருந்து வருகிறது. நிறுத்த முடிந்ததை நிறுத்துங்கள். மிச்சத்துக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கிறது. அது இரண்டு படிகளில் நடக்கும். முதலில் பேச்சே இல்லாத இடத்தில் இரண்டு மூன்று நொடியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்டைத் திறந்து, கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் அழுத்துங்கள். பெட்டி மூடிக்கொள்ளும், எதுவும் நடந்ததாகத் தெரியாது. பலர் இங்கேயே நின்று, வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அப்புறம் முழு ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து, அதே எஃபெக்டை மறுபடி திறந்து, ஓகே கொடுக்க வேண்டும்.

எவ்வளவு குறைப்பது? 6 டெசிபலில் தொடங்கி, 12க்கு மேல் போகாதீர்கள். அதிகமாகப் போட்டால் குரலைச் சுற்றித் தண்ணீர் குமிழியிடுவது போன்ற ஒலி வரும். அளவு மிஞ்சியதா என்று பார்க்க அந்தப் பெட்டியிலேயே ரெசிடியூ என்றொரு தேர்வு உண்டு. எதை நீக்கப்போகிறதோ அதை மட்டும் கேட்க வைக்கும். அதில் வெறும் இரைச்சல் கேட்டால் நல்லது. உங்கள் சொற்கள் புரிகிற அளவுக்குக் கேட்டால், குரலையும் சேர்த்து வழித்தெடுக்கிறீர்கள் என்று பொருள். கேட்டு முடித்ததும் மறக்காமல் ரெட்யூஸுக்கு மாற்றுங்கள்.

காலி அறையில் பேசுவது போல எதிரொலிக்கிறது

நாய்ஸ் ரிடக்‌ஷன் இதற்கு உதவாது. எதிரொலி என்பது உங்கள் குரலேதான், சுவரில் பட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்பியது. மென்பொருளால் இரண்டையும் சுத்தமாகப் பிரிப்பது கடினம். அதனால் வேலை முழுவதும் அறையில்தான். மைக்கை நெருங்குங்கள், கெய்னைக் குறையுங்கள். வெறும் சுவருக்கு முன்னால் உட்காராமல் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் அருகே உட்காருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பின்புறம் அவ்வளவாகக் கேட்காது. அது நோக்கியிருப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். எனவே போர்வைக்கான முதல் இடம் மைக்குக்குப் பின்னால் அல்ல, உங்களுக்குப் பின்னால்.

ப வரும் இடமெல்லாம் தொப்பென்று வெடிக்கிறது

சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரமும், ப்ப என்ற இரட்டிப்பும் உதட்டிலிருந்து காற்றைத் தள்ளுகின்றன. அந்தக் காற்று மைக்கில் நேராக மோதுகிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயின் ஓரத்துக்கு நகர்த்தி, அங்கிருந்து உங்களை நோக்கித் திருப்புங்கள். மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத் திரையான பாப் ஃபில்டரும் உதவும். பதிவாகிவிட்ட வெடிப்பை நீக்க, அந்தத் தொப் மட்டும் இருக்கும் துண்டைப் பெரிதாக்கித் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் 150 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் போடுங்கள். முழு ட்ராக்குக்கும் போட வேண்டாம்.

இடையிடையே டிக் டிக் என்று விட்டுவிட்டு வருகிறது

மூலத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை திடீரென்று குதித்து, ஒரு துளி நேரம் காணாமல் போயிருந்தால் கணினி பதிவை எழுதித் தீர்க்க முடியாமல் திணறியிருக்கிறது. ப்ராஜெக்டைக் கணினியின் உள் டிஸ்கில் சேமியுங்கள். பென்டிரைவிலும், இணையத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறையிலும் வைத்து ரெக்கார்ட் செய்யாதீர்கள். மற்ற செயலிகளை மூடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ செட்டிங்ஸில் பஃபர் லெங்த்தை, அதாவது ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் அளவை, கூட்டுங்கள். ஒற்றை டிக் மட்டும் என்றால் அதை மிக அருகே பெரிதாக்கி, 128 சாம்பிளுக்குள் தேர்ந்தெடுத்து, ரிப்பேர் எஃபெக்ட் கொடுத்தால் மறைந்துவிடும்.

எஃபெக்ட் மெனு மங்கலாக இருக்கிறது, எதையும் அழுத்த முடியவில்லை

பாஸ் (pause) பொத்தானை அழுத்தி ஒலியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஸ்டாப் அழுத்துங்கள். அவ்வளவுதான்.

வெட்டிய இடம் அப்பட்டமாகத் தெரிகிறது

எடிட்டிங்கில் நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். வெட்டு தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் வேறு வேறாகக் கேட்கும்.

வெட்டில் டிக்கென்று ஒரு சொடக்கு கேட்டால், அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். துண்டைத் தேர்ந்தெடுத்ததும் இசட் விசையை அழுத்தினால் இரு முனைகளும் பூஜ்யக் கோட்டுக்கு நகர்ந்துகொள்ளும். அப்புறம் வெட்டுங்கள்.

வெட்டில் திடீரென்று எல்லாம் அடங்கி, மறுபடி அறையின் ஒலி எழுந்தால், நடுவில் வெறும் மௌனத்தைச் செருகியிருக்கிறீர்கள். எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை; காது அந்த வித்தியாசத்தை உடனே பிடித்துவிடும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அரை நிமிடம் பேசாமல் இருந்து அறையின் அமைதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இடைவெளி வேண்டிய இடத்தில் அதிலிருந்து ஒரு துண்டை ஒட்டுங்கள். இரைச்சல் மாதிரி எடுக்கவும் இதே அரை நிமிடம்தான் உதவப்போகிறது.

மூன்றாவது, பேச்சு இயல்பாக இல்லை என்ற உணர்வு. காரணம் மூச்சு. ஒரு மூச்சின் நடுவில் வெட்டினாலும், இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்தாலும், மூச்சையே எடுத்துவிட்டாலும் கேட்பவர் அசௌகரியப்படுவார், ஏன் என்று அவருக்குத் தெரியாது. மூச்சு தொடங்கும் இடத்தில் வெட்டி, இன்னொரு மூச்சு தொடங்கும் இடத்தோடு சேருங்கள். அங்கே சேர்ந்தது யாருக்கும் தெரியாது. எல்லா ‘ம்ம்’களையும் நீக்க வேண்டும் என்றும் இல்லை. யோசிக்கும்போது வரும் தயக்கத்தைத் துடைத்தெடுத்தால் சொல்ல வந்ததன் கனமும் சேர்ந்து போய்விடும். பொருள் புரிவதைத் தடுக்கிறவற்றை மட்டும் எடுங்கள்.

வாக்கியத்தின் கடைசிச் சொல் பாதியில் காணாமல் போகிறது

தமிழ்ப் பேச்சில் இந்தக் குறைக்குத் தனி எடை உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. குரலும் மூச்சும் அங்கேதான் தாழ்கின்றன. ‘போகவில்லை’ என்பதில் ‘வில்லை’ என்ற துண்டு மெலிந்து, இரைச்சலின் உயரத்துக்கே இறங்கிவிடும். அமைதியை வெட்டும் எஃபெக்டுகள் சத்தத்தின் அளவை மட்டுமே பார்ப்பவை. அவற்றுக்கு அந்த ‘வில்லை’யும் அமைதிதான். அதை விழுங்கிவிட்டால் சொன்னது மறுப்பு என்பதே கேட்பவருக்குத் தெரியாது.

ஓர் எல்லைக்குக் கீழான சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேட் போட்டிருந்தால், அந்த எல்லையை அறையின் இரைச்சலைவிடச் சில டெசிபல் மட்டும் மேலே இருக்கும்படி இறக்குங்கள். முழுதாக மூடவிடாமல் 10, 12 டெசிபல் மட்டும் தாழ்த்தச் சொல்லுங்கள். ஹோல்ட், டிகே நேரங்களைக் கூட்டினால் கதவு மெதுவாக மூடும், சொல் தப்பிக்கும். நீண்ட மௌனங்களைச் சுருக்கும் ட்ரங்கேட் சைலன்ஸ் என்றால், எல்லையை −45 டெசிபல் பக்கம் கொண்டுபோய், ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளிகளைத் தொடாதபடி வையுங்கள். மூலப் பதிவிலேயே கடைசிச் சொல் இல்லையென்றால் குற்றவாளி மென்பொருள் அல்ல. விண்டோஸின் ஒலி அமைப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணையுங்கள். இணையவழிக் கூட்டச் செயலியில் பதிவு செய்தால் அதன் இரைச்சல் நீக்கியும் இதையே செய்யும்.

பேசும்போதும் ஒரு பழக்கம் வேண்டும்: கடைசிச் சொல்லை முடித்துவிட்டு மூச்சு விடுங்கள், மூச்சோடு சேர்த்து விடாதீர்கள்.

இரண்டு பேரின் குரல் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

தூரத்தில் இருக்கும் இருவர் பேசும்போது, அவரவர் தம் கணினியில் தம் குரலைத் தனியாக ரெக்கார்ட் செய்து, பிறகு சேர்ப்பதே நல்ல முறை. சேர்க்கும்போது மூன்று விதமாகக் கோளாறு வரும்.

ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால் கவலையே வேண்டாம்; ட்ராக்கை நகர்த்தினால் போதும். பேச்சைத் தொடங்கும் முன் இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கைதட்டியிருந்தால் அந்த முனைகளை ஒன்றன் கீழ் ஒன்று வைத்துவிடலாம். இணையத் தாமதத்தால் சிறு வித்தியாசம் இருக்கும், அதைக் காதால் கேட்டுத் திருத்துங்கள்.

ஆரம்பத்தில் பொருந்தி, போகப்போக விலகினால், இரு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. 44100 என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் படிகங்கள் மிகச் சிறிதளவு மாறுபடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி சேர்ந்துவிடும். அது ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் விழுவதற்குப் போதும். இதற்காகத்தான் கடைசியிலும் ஒருமுறை கைதட்டச் சொல்கிறேன். இரு தட்டல்களுக்கு இடையே உள்ளதைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை மாற்றும் சேஞ்ச் ஸ்பீட் எஃபெக்டில் நியூ லெங்த் இடத்தில் மற்ற ட்ராக்கின் நீளத்தைக் கொடுங்கள். மாற்றம் அவ்வளவு சிறியது. சுருதி மாறியது யாருக்கும் தெரியாது. அரை மணி நேரத்துக்குள் முடியும் உரையாடல் என்றால், நான் இந்தக் கணக்குக்கே போகமாட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல மௌனத்தில் ட்ராக்கைப் பிளந்து, துண்டைச் சற்று நகர்த்துவது சுலபம்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் சட்டென்று விலகினால், அங்கே ஒரு பதிவில் துண்டு விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தில் பிளந்து நகர்த்துங்கள்.

விலகல் மிகப் பெரிதாக, குரலும் தடித்து மெதுவாகக் கேட்டால் கதையே வேறு. 48000 ஹெர்ட்ஸில் பதிவானதை 44100 என்று நினைத்து ஓட்டுகிறீர்கள். அப்போது 60 நிமிடப் பேச்சு 65 நிமிடத்தைத் தாண்டும். ட்ராக் மெனுவில் ரேட் என்ற இடத்தில் 48000 கொடுத்தால் உடனே சரியாகும்.

இன்னொன்று: ஒரு ட்ராக்கில் வெட்டினால் மற்ற ட்ராக் நகராமல் நின்று, பொருத்தம் குலையும். இருவர் குரலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து வெட்டுங்கள், அல்லது ட்ராக்குகளைச் சேர்த்தே நகரவைக்கும் சிங்க் லாக்கை இயக்கிவிட்டு வெட்டுங்கள்.

பேசும்போது என் குரலே தாமதமாகக் காதில் விழுகிறது

மைக்கின் ஒலியைக் கணினி வழியாக உங்கள் காதுக்கே திருப்பி அனுப்பும் சாஃப்ட்வேர் ப்ளேத்ரூ இயங்குகிறது. ப்ரிஃபரன்சஸில் ரெக்கார்டிங் பகுதியில் அணைத்துவிடுங்கள். உங்கள் குரலைக் கேட்டே பேச விரும்பினால், யூஎஸ்பி மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் தாமதம் இருக்காது. விருந்தினரின் ட்ராக்கில் உங்கள் குரல் கேட்டால் அவர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹெட்ஃபோன் போடச் சொல்வதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

மற்ற பாட்காஸ்ட்டுகளைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது

நார்மலைஸ் போட்டும் இப்படி இருக்கும். அது உச்சத்தை மட்டும் பார்க்கிறது. ஒரே ஒரு சிரிப்பு உச்சத்தைத் தொட்டுவிட்டால், மிச்சப் பேச்சு முழுவதும் கீழேயே கிடக்கும். காதுக்குத் தோன்றும் சராசரிச் சத்தத்தைப் பார்ப்பது லவுட்னெஸ் நார்மலைசேஷன். அதன் அளவு எல்யூஎஃப்எஸ். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் −16 எல்யூஎஃப்எஸ், உச்சம் −1 டெசிபலுக்கு மேல் போகாமல், என்று பரிந்துரைக்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியின் பெட்டி −23இல் திறக்கும், மாற்ற வேண்டும். மோனோ ட்ராக் என்றால் ட்ரீட் மோனோ அஸ் டூவல் மோனோ என்ற கட்டத்தில் குறி இருக்கட்டும்.

வரிசை முக்கியம். இரைச்சல் நீக்கம், ஹை பாஸ், பிறகு உயர்வு தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரஸ்ஸர், பிறகு லவுட்னெஸ், கடைசியாக, உச்சத்தை எல்லை தாண்டவிடாத லிமிட்டர், −1 டெசிபலில். கம்ப்ரஸ்ஸரை முதலில் போட்டால் அது இரைச்சலையும் தூக்கிவிடும், பிறகு நீக்குவது கடினம். இருவர் பேசினால், ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனித்தனியாக லவுட்னெஸ் சரிசெய்துவிட்டு, சேர்த்த பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஹெட்ஃபோனில் குரல் இருக்கிறது, ஃபோன் ஸ்பீக்கரில் மறைந்துவிடுகிறது

ஸ்டீரியோவின் ஒரு பக்கம் தலைகீழாக இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ட்ராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை நீக்கினாலே போதும்.

எம்பி3 ஆக்கிய பிறகு குறை

அரை மணி எபிசோட் இரண்டு மணி நேரம் என்று காட்டினால், எங்கோ வலது கோடியில் ஒரு சிறு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல்+எஃப் அழுத்தினால் முழு ப்ராஜெக்டும் திரையில் அடங்கும். துண்டைத் தேடி நீக்குங்கள். ஒருவர் குரலே வரவில்லையென்றால், அந்த ட்ராக் மியூட்டில் இருக்கிறது, அல்லது வேறொன்று சோலோவில் இருக்கிறது. கோப்பு மிகப் பெரிதாக இருந்தால், வெறும் பேச்சுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) போதும். நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. இசையும் சேர்ந்தால் ஸ்டீரியோவில் 128.

வெளியிட்ட எம்பி3யைத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தரம் இறங்கும். திருத்தம் என்றால் ப்ராஜெக்டிலிருந்தே தொடங்குங்கள்.

கோப்பு திறக்க மறுக்கிறது, அல்லது நடுவில் கணினி அணைந்துவிட்டது

நண்பருக்கு அனுப்பிய கோப்பு அவரிடம் ஒலிக்கவில்லையென்றால், ஏயூபி3 என்று முடியும் ப்ராஜெக்டை அனுப்பியிருப்பீர்கள். அது ஆடாசிட்டிக்கு மட்டும் புரியும். கேட்க எம்பி3, எடிட் செய்ய வேவ் அனுப்புங்கள். ஃபோனில் பதிவான எம்4ஏ கோப்பை விண்டோஸில் ஆடாசிட்டி ஏற்கவில்லையென்றால் பலவகை ஒலிக் கோப்புகளைத் திறக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருள் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும்.

ரெக்கார்டிங் நடுவே மின்சாரம் போனாலோ மென்பொருள் மூடிக்கொண்டாலோ பதறாமல் ஆடாசிட்டியை மறுபடி திறங்கள். மீட்கலாமா என்று கேட்கும் பெட்டி வந்தால் ரெகவர் கொடுங்கள். அவசரத்தில் டிஸ்கார்ட் பக்கம் கை போக வேண்டாம். அதற்கு முன் கோப்புறையைச் சுத்தம் செய்யவும் வேண்டாம். ப்ராஜெக்டின் பெயரோடு ‘-wal’ என்ற ஒட்டுடன் பக்கத்தில் ஒரு கோப்பு தெரிந்தால், கடைசி நிமிடங்களின் பதிவு அதில் இருக்கக்கூடும். அதை அழிக்கவோ, பெயர் மாற்றவோ, ப்ராஜெக்டிலிருந்து பிரித்து வேறு இடத்துக்கு நகர்த்தவோ கூடாது. மீண்டதும் முதல் வேலையாகப் புதுப் பெயரில் சேமித்து, வேவ் பிரதி ஒன்றை வேறொரு டிஸ்கில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குங்கள்.